தங்கவயலுக்கு ஹீரோ யூனிட் தேவையில்லை

அறிவியல் புனைவு வியூக விளையாட்டுகளில் ஹீரோ யூனிட் இருக்கலாமா, கூடாதா என்னும் விவாதம் பெரும்பாலும் ஆட்டச் சமநிலை பற்றிய கணக்காகவே தொடங்கி அவ்வாறே முடிந்துவிடுகிறது. நாயகனுக்கு எத்தனை உயிர்ப்புள்ளிகள் தரலாம், அவன் இறந்தால் மீண்டு வர எத்தனை விநாடி ஆகவேண்டும், அவன் ஒருவனே ஒரு படைப்பிரிவை அழித்துவிட்டால் எதிராளி என்ன செய்வது என்பன போன்ற வினாக்களே அதில் முன்னிற்கின்றன. இவை பொறியாளரின் வினாக்கள், தவறானவை அல்ல. ஆயினும் இவ்வகை விளையாட்டுகளில் மிகப் புகழ்பெற்றவை யாவும் ஏதோவொரு சுரங்கத்திலிருந்தே தொடங்குகின்றன என்ற எளிய உண்மை அந்த விவாதத்தில் அரிதாகவே பேசப்படுகிறது. 1992-இல் வெளிவந்த 'டியூன் 2'-இல் பாலைநிலத்து ஸ்பைஸ். 1995-இன் 'கமாண்ட் அண்ட் கான்கர்' விளையாட்டில் டைபீரியம். 1998-இன் 'ஸ்டார்கிராஃப்ட்'டில் நீலக் கனிமப் படிகங்கள். காலம் வருங்காலம், களம் வேற்றுக்கோள். ஆனால் ஆடுபவர் இடும் முதற் கட்டளை 'தோண்டு' என்பதே. ஆகவே ஹீரோ யூனிட் பற்றிய வாதத்தை ஒரு மெய்யான சுரங்கத்தில் இறக்கிச் சோதிப்பதே முறை. அதற்குத் தமிழ் வாசகர் தொலைவு செல்ல வேண்டியதில்லை. கோலார் தங்கவயல் இருக்கிறது.

முதலில் ஹீரோ யூனிட் செய்யும் வேலையைப் பார்க்கலாம். ஸ்டார்கிராஃப்ட்டின் கதைப் பகுதியில் ஜிம் ரேனரோ கெரிகனோ இறந்தால் ஆட்டம் அத்தோடு தோல்வி. கனிமம் வெட்டும் எஸ்சிவி ஒன்று இறந்தால் 50 அலகு கனிமம் நட்டம். அடுத்தது கட்டளை மையத்திலிருந்து வந்துவிடும். பிறர் எதிர்நின்று ஆடும் களத்தில் இதே விளையாட்டு நாயகர்களை விலக்கிவைத்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. கதை சொல்லத்தான் நாயகன் தேவைப்பட்டான், ஆட்டத்திற்கு அல்ல. 2002-இல் அதே நிறுவனம் 'வார்கிராஃப்ட் 3' வழியாக நாயகனை ஆட்டத்தின் நடுவிலேயே நிறுத்தியது. அது மாயக்கதை வகை. அறிவியல் புனைவு அன்று. ஆனால் பின்வந்த விளையாட்டுகள் ஹீரோ யூனிட்டின் இலக்கணத்தைப் பெரிதும் அங்கிருந்தே கற்றன. அந்த இலக்கணத்தில் ஒரு விதி உண்டு: எதிரியைக் கொன்றவர் சாதாரணப் படைவீரரே ஆயினும் அனுபவப் புள்ளி நாயகன் கணக்கில்தான் ஏறும். வீரர் எத்தனை போர் கண்டாலும் எதையும் கற்பதில்லை, கற்பவன் ஒருவனே. அவ்விளையாட்டின் மாற்றுருவாகப் பிறந்த 'டோட்டா' இதை அதன் முடிவுவரை கொண்டு சென்றது. அங்கே ஆடுபவர் கையில் நாயகன் ஒருவன் மட்டுமே. எஞ்சிய படை தானாக வரிசையில் நடந்து வந்து மடிகிறது. இறுதி அடி கொடுத்தவனுக்கு அந்த உடலுக்குரிய விலை பொன்னாகக் கிடைக்கிறது. உருவகம் தேடி அலைய வேண்டியதில்லை. விதியே பொன் என்றுதான் சொல்கிறது.

தங்கவயலுக்கு இந்த இலக்கணம் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது, விளையாட்டாக அன்று, திரைப்படமாக. 2018 டிசம்பரிலும் 2022 ஏப்ரலிலும் வெளியான பிரசாந்த் நீலின் 'கேஜிஎஃப்' படங்கள் இரண்டும் ஒரு ஹீரோ யூனிட்டின் வரலாறேயன்றி வேறில்லை. படத்தில் வரும் நராச்சி என்னும் சுரங்கம் கற்பனை. அங்குத் தங்கம் கண்டறியப்படும் 1951-ஆம் ஆண்டும் கற்பனை. மெய்யான வயலில் அந்த ஆண்டுக்குள் எழுபதாண்டு காலம் தங்கம் எடுத்தாகிவிட்டது. கற்பனை செய்வது கலைஞரின் உரிமை, அதில் வழக்கில்லை. வழக்கு, அக்கற்பனை எதைச் செய்கிறது என்பதில் இருக்கிறது. ராக்கி சுரங்கத்தில் அடிமையாக நுழைகிறான், கொடியவனைக் கொல்கிறான், திரண்டு நிற்கும் அடிமைகள் அவனைத் தலைவனாக ஏற்கின்றனர். இரண்டாம் படத்தில் அம்மக்கள் என்ன செய்கிறார்கள்? மீண்டும் சுரங்கம் வெட்டுகிறார்கள், இம்முறை அவனுக்காக. முன்னினும் மிகுதியாகவே வெட்டுகிறார்கள். இறுதியில் அத்தனை தங்கமும் அவனோடு கடலில் மூழ்குகிறது. படைவீரரின் உழைப்பு நாயகன் கணக்கில் ஏறும் வார்கிராஃப்ட் விதிக்கு இதைவிடத் தெளிவான உரை எழுதுதல் அரிது. படப்பிடிப்பின் ஒரு பகுதி தங்கவயலின் சயனைடு மேடுகளில் நடந்தது. அந்த மேடுகளை உண்டாக்கிய தமிழர்கள், அவர்களில் பெரும்பான்மையினரான தலித் மக்கள், கதையில் மட்டும் இல்லை.

மெய்யான வயலின் வரலாற்றுக்கும் நாயகனைத் தேடித் தந்தவர்கள் உண்டு. நியூசிலாந்துப் போரிலிருந்து திரும்பி பெங்களூரில் தங்கிய அயர்லாந்துக்காரர் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு லாவெல், 1870-களில் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றுத் தங்கத்தைத் தேடினார் என்று சுற்றுலாக் கையேடுகள் தொடங்கும். ஆனால் 1802-இலேயே ஜான் வாரன் என்ற அதிகாரி மாரிக்குப்பம் பகுதிக்கு வந்து, ஊர்மக்கள் மண்ணை அலசிப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதிவைத்தார். அவருக்குக் காட்டித்தந்தவர்கள் பெயரற்றவர்கள். லாவெலால் முதலீட்டைத் தாங்க இயலவில்லை, உரிமம் கைமாறியது, 1880-இலிருந்து லண்டனின் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது. வடஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து ஒப்பந்தக்காரர்களும் மேஸ்திரிகளும் திரட்டிய மக்கள் சுரங்கத்தில் இறங்கினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் நாளடைவில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். அழுத்தம் தாளாமல் பாறை தானே வெடித்துச் சிதறும். அங்கே தனியொருவனின் வீரத்துக்கு வேலையே இல்லை. துளையிடுபவர், வெடிவைப்பவர், முட்டுக்கொடுப்பவர், கற்களை அள்ளித் தள்ளுபவர், கூண்டை இயக்குபவர் ஆகியோரில் ஒருவர் பிழை செய்தால் மற்றவர் மேலே வரமாட்டார்.

இந்த மக்கள் 1930-இல் செய்த ஒன்றுதான் ஹீரோ யூனிட் விவாதத்துக்குத் தங்கவயல் தரும் நேரடியான விடை. தொழிலாளர் ஒவ்வொருவரின் கைரேகையையும் பதிவு செய்ய நிர்வாகம் முனைந்தது. சுரங்கங்கள் நின்றன. 21 நாள் நின்றன. அது தொழிற்சங்கம் இல்லாத காலம். மைசூர் அரசில் சங்கம் அமைக்கும் சட்டவழி 1940-களின் தொடக்கத்தில்தான் திறந்தது. பின்னாளில் கே.எஸ். வாசன், வி.எம். கோவிந்தன் போன்ற பொதுவுடைமைத் தலைவர்கள் வந்தனர். அவர்கள் பெயரைச் சொல்லலாம். 1930-க்கு அப்படிச் சொல்ல ஒரு பெயரும் இல்லை. சுதேச மைசூரின் தொழிலாளர் வரலாற்றை எழுதிய ஜானகி நாயரின் நூலைப் படிக்கும் மாணவர் எவரும் இதைக் காணலாம். தலைவன் இன்றி இத்தனை ஆயிரம் பேர் எவ்வாறு ஒரே முடிவுக்கு வந்தார்கள்? விடை லைன் வீடுகளில் இருக்கிறது: ஒட்டிய சுவர்கள், பொதுக் குழாயடி, ஒரே ஊரிலிருந்து வந்த உறவுகள், பஜனைக் கூடங்கள், பௌத்த சங்கம். செய்தி சுவர் வழியாகவே சென்றுவிடும்.

இதை வியூக விளையாட்டின் மொழியில் சொல்லிப் பார்த்தால் அவ்வகையின் வறுமை விளங்கும். 'ஸ்டார்கிராஃப்ட் 2'-இல் திரையின் ஓரத்தில் ஒரு சிறு பொத்தான் உண்டு. வேலையின்றி நிற்கும் தொழிலாளர் எத்தனை என்று அது காட்டும். அழுத்தினால் அவரைத் தேடிக் கொடுக்கும். வேலையின்றி நிற்பது ஆடுபவரின் கவனக்குறைவு என்பதே அங்குள்ள ஒரே பொருள். நிற்பவர் நிற்கத் தீர்மானித்திருக்கலாம் என்பதற்கு அவ்விளையாட்டில் ஒரு குறியீடும் இல்லை. தங்கவயலின் 21 நாள் அந்தத் திரையில் ஒரு பெரிய எண்ணாக மட்டும் தெரியும்.

அறிவியல் புனைவுக்கு நாயகன் இன்றியமையாதவன் என்போர் அறிவியல் நடக்கும் விதத்தையும் சற்றுக் கவனிக்கலாம். 1965-இல் தங்கவயல் சுரங்கத்தின் இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நிறுவிய கருவிகள், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் தடத்தைப் பதிவு செய்தன. ஏறத்தாழ அதே நேரத்தில் தென்னாப்பிரிக்காவின் இன்னொரு தங்கச் சுரங்கத்தில் மற்றொரு குழுவும் அதையே பதிந்தது. பூமிக்கடியில் அமர்ந்து விண்ணின் துகளுக்குக் காத்திருப்பதைவிடப் பெரிய அறிவியல் புனைவுக் காட்சி எது? அதில் துரத்தல் இல்லை, போர் இல்லை. கருவி காத்திருக்கிறது, மேலே நிற்கும் பாறை தேவையற்ற துகள்களை வடிகட்டுகிறது. அந்தப் பாறைக்குள் வழி வெட்டி, கருவிகளைக் கூண்டில் இறக்கி, முட்டுக்கொடுத்து நிலைநிறுத்திய கைகள் சுரங்கத் தொழிலாளருடையவை. ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியல் மூன்று நாடுகளுக்குப் பரந்தது. மாரிக்குப்பம் வரை வரவில்லை.

இனி எதிர்வாதங்கள். அவற்றுள் எளியது, ஆடுபவருக்கு உணர்வுப் பிடிப்பு வேண்டும், முகமற்ற படையை நேசிக்க இயலாது என்பது. இதற்கு அதிக இடம் தர வேண்டியதில்லை. முகமற்றதாக ஆக்கிவிட்டு, முகமில்லை என்று குறைகூறுவது வட்டமாகச் சுற்றும் வாதம். இரண்டாவது, அறிவியல் புனைவே தொன்மங்களின் பிள்ளை. 'டியூன்' நாவலில் பால் அட்ரெய்டீஸ் இல்லையா என்பது. ஃபிராங்க் ஹெர்பர்ட் அந்நாவலை, மக்களை ஈர்க்கும் தலைவர்களைப் பற்றிய எச்சரிக்கையாகவே எழுதியதாகப் பலமுறை கூறியிருக்கிறார். அதிலிருந்து பிறந்த 'டியூன் 2' விளையாட்டில் பால் இல்லவே இல்லை. ஸ்பைஸும் அறுவடை வண்டியும் மணற்புழுவும் இருந்தன, ஆட்டம் நடந்தது. (நாவல் நூலாக வெளிவந்ததும் 1965-இல்தான். தற்செயல், அதற்குமேல் பொருள் கொள்ள வேண்டாம்.)

மூன்றாவது எதிர்வாதம் அவ்வளவு எளிதில் கடக்கக்கூடியதன்று. நூற்றாண்டுகளாகப் பெயர் மறுக்கப்பட்ட ஒரு சமூகத்திடம் சென்று, 'நாயகன் வேண்டாம், கூட்டமாகவே இருங்கள்' என்று சொல்ல எவருக்கு உரிமை உண்டு? ஊருக்கு ஊர் அம்பேத்கர் சிலை எழுந்து நிற்பது வெறும் வழிபாடு அன்று. இடத்தின் மீதான உரிமைக்குரல். 2024 ஆகஸ்டில் வந்த பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' தங்கவயலின் தொடக்கத்தை அந்த மக்களின் கண்கொண்டு பார்க்கத் துணிந்தது. கேஜிஎஃப் அழித்துவிட்ட சாதியையும் நிலத்தையும் மொழியையும் திரும்பக் கொண்டுவந்தது. அப்படத்துக்கும் விக்ரம் என்னும் நாயகன் தேவைப்பட்டான் என்பதைக் குற்றமாகச் சொல்வது நேர்மையன்று. நூறு கோடி ரூபாய்ச் சந்தை நாயகன் இல்லாத படத்துக்குக் கதவைத் திறக்காது.

ஆயினும் பெயர் வேறு, ஹீரோ யூனிட் வேறு. பெயர் எல்லோருக்கும் தரக்கூடியது. ஒருவருக்குத் தந்தால் இன்னொருவருக்குக் குறையாது. ஹீரோ யூனிட்டோ பிறரிடம் பெயர் இல்லாதிருக்கும்வரைதான் ஹீரோ. இவ்வேறுபாட்டை அம்பேத்கர் அளவுக்கு அறிந்தவர் குறைவு. 1943-இல் ரானடே பற்றிய உரையில் நாயக வழிபாட்டை அவர் கடுமையாகச் சாடினார். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில், அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கு இட்டுச் செல்லும் என்று எச்சரித்தார். தங்கவயலின் தலித் மக்களே இதற்குச் செயல்வடிவம் தந்தவர்கள். அயோத்திதாசரின் 'தமிழன்' இதழுக்கு வாசகர்களாகவும் புரவலர்களாகவும் இருந்தவர்களில் இவ்வயலின் தொழிலாளர் முதன்மையானோர். அயோத்திதாசர் 1914-இல் மறைந்த பின்னரும் இதழின் மரபு அறுந்துபோகவில்லை, 1920-களில் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து அதை மீண்டும் நடத்தினார்; சாம்பியன் ரீஃபின் சித்தார்த்தா புத்தகசாலை அவர் எழுத்துகளை நூல்களாக்கியது. நாயகன் இறந்தால் ஆட்டம் தோல்வி என்ற விதி இம்மக்களிடம் செல்லவில்லை. கூலியிலிருந்து காசு சேர்த்து அச்சுக்கோத்தவர்கள் அவர்கள்.

ஆகவே ஹீரோ யூனிட்டை நீக்கிவிட்டால் போதுமா? போதாது என்பதை இவ்விவாதத்தில் தூய்மைவாதிகளாக நிற்போரும் கேட்டாக வேண்டும். நாயகனை நீக்கிய விளையாட்டில் எஞ்சுவது யாருடைய பார்வை? வானிலிருந்து நிலத்தை நோக்கி, தோண்டுபவரை எண்ணாகவும் தங்கத்தை இருப்பாகவும் காணும் ஒரு கண். அது லண்டனில் அமர்ந்து மாத அறிக்கையைப் படித்த ஜான் டெய்லர் அலுவலகத்தின் கண். 2016-இல் வந்த 'ஆஃப்வேர்ல்ட் டிரேடிங் கம்பெனி' இதை ஒளிவின்றிச் செய்தது: செவ்வாய்க் கோளில் கனிமம் எடுக்கும் நிறுவனங்களின் ஆட்டம்; படையில்லை, நாயகன் இல்லை; எதிர் நிறுவனத்தின் பங்குகளை வாங்கி முடித்தால் வெற்றி. நேர்த்தியான விளையாட்டு. தொழிலாளர் என்றொருவர் அதில் ஏறக்குறைய இல்லை. கமாண்ட் அண்ட் கான்கரில் டைபீரியம் நஞ்சு. அதன்மேல் நடக்கும் காலாட்படை மெல்ல மடியும். ஆனால் அதை நாள்முழுதும் அள்ளும் அறுவடை வண்டிக்குள் இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. வெட்டுபவரின் நுரையீரலைப் பற்றி விளையாட்டு எண்ணிப் பார்க்கவில்லை. தங்கவயலில் பாறைத்தூள் நுரையீரலில் படிந்து வந்த சிலிகோசிஸ் நோய்க்கு இழப்பீடு தரவேண்டும் என்பதற்கு மைசூர் அரசு 1940-இல் விதி செய்யும் நிலை வந்தது. அதுவரை அந்த நோயும் நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரியாத வண்டிக்குள்தான் இருந்தது.

எனவே மெய்யான பிரிவினை நாயகன் உள்ள ஆட்டம், இல்லாத ஆட்டம் என்பதன்று. கட்டளையை மறுக்கும் உரிமை அலகுக்கு உண்டா என்பதே. 2018-இல் முழுமையாக வெளிவந்த 'ரிம்வேர்ல்ட்' ஓர் அறிவியல் புனைவு. தொலைகோளில் விழுந்தவர்கள் தோண்டியும் கட்டியும் பிழைக்கும் கதை. அங்கு ஒவ்வொருவருக்கும் பெயரும் கடந்தகாலமும் உண்டு. சிலர் சில வேலைகளைச் செய்யவே மாட்டார். மனம் உடைந்தால் கட்டளை செல்லாது. அதன் முன்னோடியான 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்' 2006-லேயே சுரங்கம் வெட்டும் குள்ளர்களுக்கு நினைவையும் சினத்தையும் தந்தது. யார் பேர்பெறுவார் என்று அங்கு எவரும் முன்கூட்டி வடிவமைப்பதில்லை. கொல்லரோ சமையற்காரரோ காவியத்துக்குரியவராகலாம். 2018-இன் 'ஃப்ராஸ்ட்பங்க்' மேலும் ஒருபடி சென்றது: நிலக்கரி நம்பி வாழும் உறைபனி நகரில் மக்களின் அதிருப்தி நிரம்பினால், ஆடுபவரான தலைவரையே அவர்கள் விரட்டிவிடுவார்கள். மேலிருந்து பார்த்த கண்ணுக்கு வேலைநீக்க ஆணை! குறையும் உண்டு. இம்மூன்றிலும் மறுப்பு என்பது பெரும்பாலும் மனநோயாகவோ கோப அளவீடாகவோ வருகிறது. கூடிப்பேசி எடுத்த முடிவாக வருவதில்லை. ரிம்வேர்ல்டில் ஒருவர் உடைந்துபோவார். தங்கவயலில் 1930-இல் எவரும் உடையவில்லை, தீர்மானித்தார்கள்.

இதனால் யாருக்கு என்ன என்று கேட்போருக்கு ஒரு செய்தி. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்ட பின்னர், மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் ரயில்களில் இவ்வயலின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். இந்தியாவின் விளையாட்டு உருவாக்கும் நிறுவனங்கள் பலவும் அந்நகரில்தான் இருக்கின்றன. சுரங்கம், வேற்றுக்கோள், இந்தியக் களம் என்று ஒரு வியூக விளையாட்டு நாளை உருவாகுமாயின், கேஜிஎஃப் என்ற மூன்றெழுத்து சந்தையில் பெற்றிருக்கும் மதிப்பை அது விடப்போவதில்லை. தாடியும் சுத்தியலும் கொண்ட ஒரு ஹீரோ யூனிட் அதன் அட்டையில் நிற்பான். அவன் பின்னால் மங்கலாகத் தெரியும் கூட்டம் யாருடைய பாட்டனார்கள் என்பது, அந்த ரயிலில் வரும் நிரலாளருக்குத் தெரிந்திருக்கும்.

அவ்விளையாட்டை வேறுவிதமாக அமைக்கத் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. அலகுகள் ஒன்றோடொன்று பேசட்டும். எந்த லைன் வீட்டில் யார் அண்டைவீட்டார் என்பது ஆட்டத்தின் மாறிகளில் ஒன்றாகட்டும். நுரையீரலுக்குத் தனிக் கணக்கு இருக்கட்டும். அனுபவப் புள்ளி செய்தவரிடமே சேரட்டும், அவர் மேலே வராவிட்டால் கூண்டில் உடன் இறங்கியவர்களிடம் எஞ்சட்டும். எல்லாவற்றுக்கும் முதலாக, சுட்டியை இழுத்துச் சதுரம் போட்டுத் தொழிலாளரைத் தேர்ந்தெடுக்கும் அந்தப் பழைய செயலைப் புதிதாக எழுத வேண்டும். 1930-இல் நிர்வாகம் விரித்த கைரேகைப் பதிவேடும் அத்தகைய சதுரம்தான்: உள்ளே வந்தவர் அடையாளம் காணப்படுவார், கட்டளைக்கு உட்படுவார். ஆடுபவர் சதுரம் போடுகிறார். திரையில் உள்ளவர்கள் அதற்குள் வர மறுத்து நிற்கிறார்கள். 21 நாள் ஓடுகிறது. பேச்சுவார்த்தைக்கு யாரை அழைப்பது என்று ஆடுபவருக்குத் தெரியவில்லை, சொடுக்க ஒரு நாயகனும் இல்லை.